பட்டாணி வரியைக் கட்டியது யார்?

2017 நவம்பர் 8-ஆம் தேதி மத்திய அரசு மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. அதுவரை அதற்கு வரியே கிடையாது. அறிவிப்பு வந்த நேரத்தில் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பட்டாணி ஏற்றிய கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அந்த வரியால் தூத்துக்குடி இறக்குமதியாளர் ஒருவருக்கும் திருநெல்வேலி பேட்டையில் பட்டாணி வறுக்கும் ஆலை வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கும் இடையே வழக்கு வந்தது. நான் அண்ணாச்சிக்கு வக்கீல். வழக்குத் தொகை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில், சார்பு நீதிமன்றத்தில் நடந்த சாதாரணப் பண வசூல் வழக்கு. சட்டப் புத்தகங்களில் இடம்பிடிக்கும் வழக்கு அல்ல. ஆனாலும் என்னிடம் தொழில் பழக வருகிற பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசியிருப்பது இந்த வழக்கைப் பற்றித்தான்.

அண்ணாச்சியின் ஆலை சின்னது. பட்டாணியை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சூடான மணலில் வறுத்து எடுப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து திருச்செந்தூர் வரை கடைகளுக்குப் போகும். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோவில் ரத வீதிகளில் குவித்து விற்கும் பட்டாணியில் அவருடைய சரக்கும் இருக்கும். மிச்சத்தை மாவாக அரைத்து மிக்சர் போடுகிறவர்களுக்குக் கொடுப்பார். கடலைமாவுக்கு விலை ஏறும்போதெல்லாம் பட்டாணி மாவுக்குத் தேவை ஏறும்.

சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி இது: “சார், இந்த வரிய அரசாங்கம் வெளிநாட்டுக்காரன் மேலதான் போட்டிருக்குன்னு டிவியில சொல்லுதாவ. நம்ம விவசாயிய காப்பாத்த கனடாக்காரன் தலையில வச்சிருக்குன்னு சொன்னாவ. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த வரிய எங்கிட்ட எதுக்குக் கேக்கான்?”

வழக்கு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருந்தது.

நடந்தது இதுதான். 2017 அக்டோபரில் தரகர் மூலமாக நான்கு லோடு பட்டாணிக்கு விலை பேசினார்கள். பேச்சுக்குச் சாட்சி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சீட்டு மட்டும். அதில் குவிண்டாலுக்கு விலை, ‘எக்ஸ் குடோன் தூத்துக்குடி’, பணம் கொடுக்கக் கெடு. வேறொன்றும் இல்லை. இரண்டு லோடு அக்டோபரிலேயே வந்து பணமும் கொடுத்தாயிற்று. மூன்றாவது லோடு நவம்பர் 8 கழிந்து சில நாளில் வந்தது. நான்காவது டிசம்பரில் வந்தது. இரண்டுக்கும் அண்ணாச்சி பேசிய விலையைக் கொடுத்தார். இறக்குமதியாளர், வரி ஏறிவிட்டது, கூடுதலாகப் பாதித் தொகை வேண்டும் என்றார். அண்ணாச்சி மறுத்தார். 2018-இல் வழக்குப் போட்டார்கள்.

சட்டம் முதல் பார்வைக்கு அவர்கள் பக்கம் இருந்தது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. விற்க, வாங்க ஒப்பந்தம் ஆன பிறகு அந்தச் சரக்குக்குச் சுங்க வரியோ கலால் வரியோ விற்பனை வரியோ புதிதாக வந்தாலும் ஏறினாலும், விற்பவர் தாம் கட்டிய அல்லது கட்ட வேண்டிய வரிக்குச் சமமான தொகையை விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாகப் பேசியிருந்தால் பேசியபடி நடக்கும். வரி குறைந்தால் வாங்குபவர் அந்த அளவுக்கு விலையில் கழித்துக்கொள்ளலாம்.

அந்தப் பிரிவைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நாட்டின் சட்டமே, புது வரி வந்தால் அது யார் தலையில் இறங்கும் என்பதில் சந்தேகம் வைக்கவில்லை. இறக்குமதியாளர் கட்டுவார், அதை உள்ளூரில் வாங்குகிறவரிடம் வசூலிப்பார், அவர் அடுத்தவரிடம் வசூலிப்பார். சுங்கச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நாட்டுக்குள் வரும் சரக்கின் மேல் வரி என்கிறது. 47-ஆவது பிரிவின்படி வரி கட்டினால்தான் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வரும். கட்டுகிறவர் இங்கே இறக்குமதி உரிம எண் வைத்திருப்பவர். கனடாவில் பயிர் வைத்தவருக்கு நம் சுங்கத் துறை நோட்டீஸ் அனுப்ப வழியே இல்லை.

அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப டிவியில சொன்னது பொய்யா?” என்றார். பொய் என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வரி எதற்காகப் போட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நாடு முழுவதும் பருப்புப் பயிர் போட்டார்கள். மழையும் கைகொடுத்தது. 2016-17-இல் விளைச்சல் சுமார் 2.3 கோடி டன். அதே ஆண்டு வெளிநாட்டிலிருந்தும் ஏறக்குறைய 66 லட்சம் டன் வந்து குவிந்தது. அதில் பாதியளவு பட்டாணி. விலை சரிந்தது. கடலைமாவுக்கு மலிவான மாற்று பட்டாணி மாவு என்பதால் கொண்டைக்கடலை விவசாயி நேரடியாக அடிபட்டார். அதனால்தான் பட்டாணிக்கு 50 சதவீதம். அடுத்து டிசம்பரில் கொண்டைக்கடலைக்கு 30 சதவீதம், 2018 பிப்ரவரியில் 40, மார்ச்சில் 60. அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் உளுந்தும் பாசியும் விதைத்து, அறுவடை நேரத்தில் விலை விழுந்து நிற்கும் சம்சாரிகள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். கூட்டுறவு வங்கி நோட்டீசோடு வருவார்கள். அவர்களைக் காக்க ஒரு வரி தேவை என்றால் போடட்டும். ஆனால் காக்கும் செலவை இந்த நாட்டில் பட்டாணி தின்கிறவர்களும் வறுக்கிறவர்களும் கொடுக்கிறார்கள் என்பதையும் மேடையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். அண்ணாச்சியே ஏற்றுக்கொள்ளக்கூடியவர்தான். அவருடைய தகப்பனார் விவசாயி.

சரி, வழக்குக்கு வருவோம். சட்டம் எதிர்த்தரப்புக்குச் சாதகம் என்றால் நமக்கு மிச்சம் இருப்பது காகிதம். 64-ஏ பிரிவை மறுபடி படித்தபோது எனக்கு ஒரு இடம் பிடிபட்டது. விற்பவர் சேர்த்துக்கொள்ளக்கூடியது, அந்தச் சரக்குக்காகக் கட்டிய அல்லது கட்ட வேண்டிய வரியைத்தான். பொதுவாக வரி ஏறிவிட்டது என்பதற்காக எந்த மூட்டைக்கும் கேட்க முடியாது. எந்த மூட்டைக்கு வரி கட்டினார் என்பதைக் காட்ட வேண்டும்.

சுங்கச் சட்டம் 15-ஆவது பிரிவின்படி, உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு வரும் சரக்குக்கு எந்த நாளின் வரி விகிதம் என்றால், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரத்தைச் சுங்கத்தில் தாக்கல் செய்த நாளின் விகிதம். கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்திருந்தால், கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைத்த நாள். ஆகவே நவம்பர் 8-க்கு முன் வந்து பில் ஆஃப் என்ட்ரி போட்ட கப்பலின் பட்டாணிக்கு ஒரு பைசா வரி கிடையாது. அது குடோனில் எத்தனை மாதம் கிடந்தாலும் வரியில்லாச் சரக்குதான்.

ஆவணங்களை முன்னிலைப்படுத்தச் சொல்லி மனுப் போட்டோம். எதிர்த்தரப்பு முதலில் மறுத்தது. வியாபார ரகசியம் என்றார்கள். வரி கட்டினேன் என்று வழக்குப் போட்டவர் கட்டிய ரசீதை மறைக்க முடியாது என்று நீதிபதி சொன்ன பிறகு இரண்டு பில் ஆஃப் என்ட்ரி வந்தது.

அந்தத் தாளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே துறைமுகக் குறியீடு, தூத்துக்குடிக்கு ஐ.என்.டி.யு.டி.1. அடுத்து தாக்கல் எண், தேதி, கப்பல் விவரம். ஒரு கட்டத்தில் சரக்கு அனுப்பிய வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர். இன்னொரு கட்டத்தில் இறக்குமதியாளரின் பெயர், உரிம எண். அதற்குக் கீழே சரக்கின் மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, பணம் கட்டிய சலான் எண். அண்ணாச்சியை நீதிமன்ற வராந்தாவில் உட்காரவைத்து அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டினார். அனுப்பியவர் பெயர் இருந்த கட்டத்தில் நின்று, “இவன் பேருக்கு நேரா பணம் ஒண்ணும் இல்லியே சார்” என்றார். ஒரு பில்லில் வரித் தொகை பூஜ்யம். அது அக்டோபர் தேதி. இன்னொன்று நவம்பர் கடைசியில் போட்டது. அதில் 50 சதவீதம்.

இப்போது மூன்றாவது லோடு எந்தக் கப்பலின் சரக்கு என்று நிரூபிக்க வேண்டும். லாரியோடு வந்த எடைமேடைச் சீட்டை அண்ணாச்சி பத்திரமாக வைத்திருந்தார். எழுத்து பாதி அழிந்துவிட்டது. பின்பக்கத்தில் குடோன் மேற்பார்வையாளர் பால்பாயிண்ட் பேனாவில் கப்பல் பெயரும் அட்டி எண்ணும் எழுதியிருந்தார். எந்த அட்டியிலிருந்து மூட்டை எடுத்து ஏற்றுவது என்று சுமைதூக்கும் ஆட்களுக்குச் சொல்வதற்காக எழுதுவது வழக்கம். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் இந்த வழக்கே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வாதி தரப்பு முதல் சாட்சி அவர்களுடைய கணக்குப் பிரிவு மேலாளர். நல்ல மனிதர். குறுக்கு விசாரணையில் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“நவம்பர் 8-க்குப் பிறகு பில் ஆஃப் என்ட்ரி போட்ட சரக்கு என்றைக்குத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது?”

“டிசம்பர் முதல் வாரம்.”

“மூன்றாவது லோடு உங்கள் குடோனை விட்டுக் கிளம்பியது நவம்பர் மாதம்தானே?”

“ஆமாம்.”

“அன்றைக்கு உங்கள் குடோனில் வரி கட்டிய பட்டாணி ஒரு மூட்டையாவது இருந்ததா?”

பதில் வரச் சற்று நேரம் ஆனது. இல்லை என்றார். எடைச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். கையெழுத்து தங்கள் மேற்பார்வையாளருடையது என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த கேள்வி தொகையைப் பற்றியது. அவர்கள் 50 சதவீதத்தை எங்களுக்கு விற்ற விலையின் மேல் போட்டிருந்தார்கள். சுங்கம் வரி போடுவது இறக்குமதி மதிப்பின் மேல். அதாவது சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்து துறைமுகத்தில் நிற்கும் மதிப்பு. அதற்குப் பிறகு வரும் இறக்குகூலி, குடோன் வாடகை, வட்டி, லாபம் எதற்கும் இந்த வரி கிடையாது. கணக்கு விளங்க முழு எண்ணில் சொல்கிறேன். துறைமுக மதிப்பு குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் என்றால் வரி 1,000. குடோன் விலை 2,500 என்றால் அதில் பாதி 1,250. அந்த 250 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகவில்லை. சதவீதம் என்று யாராவது சொன்னால், எதன் மேல் சதவீதம் என்று கேட்காமல் விடக்கூடாது என்பது அன்று அந்த நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒப்பந்தத்திலேயே மாறான எண்ணம் தெரிகிறது, பேசிய விலை எல்லாம் அடங்கிய விலை என்றும் வாதாடிப் பார்த்தேன். சீட்டில் அதற்கு ஆதாரமான ஒரு வரியும் இல்லை. நீதிபதி ஏற்கவில்லை. அது சரியான முடிவு.

தீர்ப்பு கொரோனாவுக்குப் பிறகுதான் வந்தது. மூன்றாவது லோடுக்குக் கேட்ட தொகை தள்ளுபடி. நான்காவது லோடுக்கு, பில் ஆஃப் என்ட்ரியில் கண்ட வரியில் எங்கள் எடைக்கு உரிய பங்கை மட்டும் வட்டியோடு கொடுக்க வேண்டும். அவரவர் செலவு அவரவருக்கு. இருதரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை. அண்ணாச்சி ஒரே தவணையில் பணத்தைக் கட்டினார்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் பட்டது மூன்றாவது லோடு. வரியால் யாருக்கு லாபம் என்ற பேச்சு வரும்போது விவசாயி பெயரையும் அரசாங்கத்தின் பெயரையும் சொல்வார்கள். அறிவிப்பு வந்த இரவில் வரியில்லாத பழைய சரக்கைக் குடோனில் வைத்திருந்தவருக்கு ஒரே நாளில் விலை ஏறிவிடுகிறது. அந்தப் பணம் விவசாயிக்கும் போகவில்லை, கஜானாவுக்கும் போகவில்லை. எங்கள் வழக்கில் பழைய ஒப்பந்தம் இருந்ததால் பிடிக்க முடிந்தது. நவம்பர் 9-ஆம் தேதி புதிதாக விலை பேசியவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். சட்டப்படி அதில் தவறும் இல்லை.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீத வரி என்று அறிவித்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம், பாகிஸ்தானுக்குத் தண்டனை என்று எல்லோரும் வரவேற்றோம். நீதிமன்றத்துக்கு வந்தது யார் என்று பாருங்கள். அட்டாரி எல்லையில் அன்று பகலிலேயே பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்திருந்த இந்திய வியாபாரிகள். அறிவிப்பு இணையத்தில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. பகலில் தாக்கல் செய்த சரக்குக்கும் 200 சதவீதம் கட்டச் சொன்னது சுங்கத் துறை. 2020 செப்டம்பர் 23-இல், ஜி.எஸ். சாத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில், அறிவிப்பு மின்னணு அரசிதழில் ஏறிய நேரத்திலிருந்துதான் செல்லும், அதற்கு முன் தாக்கல் ஆனவற்றுக்குப் பழைய விகிதமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாகிஸ்தான் வியாபாரி இழந்தது இந்தியச் சந்தையை. அது பெரிய இழப்புதான். வரி கேட்டு நோட்டீஸ் வந்தது நம் வியாபாரிக்கு. இரண்டும் வேறு வேறு. மேடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள்.

இப்போது அண்ணாச்சி கேட்ட “பொய்யா?” என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியா பட்டாணி வாங்குவதில் உலகத்திலேயே பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் விலையில் பாதியளவுக்கு வரி போட்டால், விற்கிறவர் சரக்கைத் தேக்கிவைக்க முடியாமல் விலையைக் குறைப்பார். கனடாவில் மஞ்சள் பட்டாணி விலை 2017 நவம்பருக்குப் பிறகு இறங்கியது உண்மை. அந்த அளவுக்கு அங்குள்ள விவசாயியும் நம் வரியில் ஒரு பங்கைச் சுமந்தார். ஆனால் அது அடுத்த கப்பலுக்கு, புதிதாகப் பேசும் விலைக்கு. விலை பேசி முடித்துக் கடலில் இருந்த சரக்குக்கு அவர் ஒரு காசும் குறைக்கவில்லை, குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாங்கும் நாடு சின்னதாக இருந்தால் அந்தக் குறைப்பும் கிடையாது. ஆகவே வெளிநாட்டுக்காரன் கட்டுவான் என்பதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைக் காட்டி மீதியை மறைப்பதுதான் அநியாயம்.

வரி இல்லாமலும் இதே வேலையைச் செய்யலாம். கோட்டா வைப்பது. 2017 ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்களுக்கு இது என்ன செய்தது என்று அங்கே போய்க் கேட்டால் சொல்வார்கள். அப்பளத்துக்கு உளுந்துமாவுதான் உயிர். உள்ளூர் உளுந்து போதாதபோது பர்மா உளுந்து வேண்டும். பெருங்காயத்துக்கு ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து பிசின் வர வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்தது என்று பெருமையாகச் சொல்லும் அப்பளத்துக்குள் இத்தனை நாடு இருக்கிறது. கோட்டாவில் அரசாங்கத்துக்கு வரிகூட வராது. உரிமம் கிடைத்தவர் மலிவாக வாங்கி உள்ளூர் விலைக்கு விற்பார், நடுவில் உள்ள தொகை அவருக்கு. எந்தச் சீட்டிலும் வரி என்று எழுதியிருக்காது என்பதால் யார் கட்டினார்கள் என்ற கேள்வியே எழாது. அப்பளக் கட்டில் இரண்டு அப்பளம் குறையும். அதைக் கவனிக்கிறவர் வீட்டில் சமைக்கிற பெண் மட்டும்தான்.

பட்டாணிக்கும் 2018 ஏப்ரலில் அளவுக் கட்டுப்பாடு வந்தது. உயர் நீதிமன்றங்களில் இடைக்கால உத்தரவு வாங்கிக்கொண்டு அளவுக்கு மேல் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். 2020-இல் அக்ரிகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2021 ஜூனில் ராஜ் குரோ இம்பெக்ஸ் வழக்கில், அப்படி வந்த சரக்கு தடைசெய்யப்பட்ட சரக்கு, பறிமுதல்தான், அபராதம் கட்டி உள்நாட்டில் விற்க முடியாது என்று முடித்துவிட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக் கப்பல் அமர்த்தலாமா என்று யார் கேட்டு வந்தாலும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இறக்குமதி வரி அரசியல் புதிதல்ல. பாபநாசம் அருவியின் நீர்விசையில் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலை 1880களில் ஓடத் தொடங்கியது. 1894-இல் ஆங்கில அரசு வருவாய்க்காகப் பருத்தித் துணி இறக்குமதிக்கு 5 சதவீத வரி போட வேண்டி வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். உடனே இந்திய ஆலைகளின் உயர்ரக நூலுக்கும் 5 சதவீதக் கலால் வரி. 1896-இல் அதை மாற்றி, வந்த துணிக்கு மூன்றரை, இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை. இரு நாட்டுக்கும் சமநீதி என்று காரணம் சொன்னார்கள். சமநீதி என்ற பெயரில் அந்தக் கலால் வரியைச் சுமந்தது இங்கே துணி உடுத்தினவர்கள். அதை எடுக்க 1926 வரை ஆயிற்று.

2025-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் போட்டபோது அண்ணாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், இப்ப அவன் நம்ம மேல போட்டிருக்கான். இத நாம கட்டணுமா, அவன் கட்டணுமா?” சரியான கேள்வி. அங்கேயும் தலைவர்கள், வரியை வெளிநாடுகள் கட்டுகின்றன என்றுதான் பேசினார்கள். அமெரிக்கச் சுங்கத்திலும் கட்டுகிறவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் இறால் ஏற்றுமதியில் ‘டி.டி.பி.’ என்ற நிபந்தனையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். வரியையும் விற்பவரே கட்டி, வாங்குபவரின் இடத்தில் ஒப்படைப்பது. தூத்துக்குடியில் யாராவது அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 50 சதவீதம் முதலில் அவர் தலையில்தான் இறங்கும். துறைமுகத்தில் ஏற்றிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் இறங்காது, ஆனால் அடுத்த ஆர்டர் வருமா என்பது வேறு. ஒரே வரி, ஒரே இறால், ஒப்பந்தத்தில் உள்ள மூன்று எழுத்தைப் பொறுத்து கட்டுகிறவர் மாறுகிறார். இதை அவரிடம் சொன்னபோது, “அப்ப சீட்டப் பாக்காம எவன் சொன்னாலும் நம்பக்கூடாது” என்றார்.

பட்டாணிக்கு 2023 டிசம்பரில் வரியை எடுத்தார்கள். பலமுறை நீட்டித்துவிட்டு 2025 நவம்பர் 1 முதல் மீண்டும் 30 சதவீதம் போட்டார்கள். இந்த முறை ஒரு நல்ல காரியம் நடந்தது. அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் கப்பலில் ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் இருந்தால் வரி கிடையாது என்று விலக்குக் கொடுத்தார்கள். 2017-இல் கடலில் இருந்த சரக்குக்கு அந்தச் சலுகை இருந்திருந்தால் எங்கள் வழக்கே வந்திருக்காது.

நயினார்குளம் சந்தையிலும் பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் இறக்குமதிச் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் சீட்டாக இருந்தாலும், பேசிய விலையோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: வரி ஏறினால் இந்தச் சரக்குக்குக் கட்டிய வரியை மட்டும், பில் ஆஃப் என்ட்ரி நகலும் சலானும் காட்டினால் மட்டும், துறைமுக மதிப்பின் மேல் கணக்கிட்டுக் கொடுப்போம். வரி குறைந்தால் அதே கணக்கில் கழித்துக்கொள்வோம். இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை. 2025 மே 30-இல் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது, நிலுவையில் இருந்த ஒப்பந்தத்துக்கு விலையைக் கழிக்கச் சொல்லி 64-ஏ பிரிவில் நோட்டீஸ் அனுப்ப என்னிடம் ஒருவரும் வரவில்லை. அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. எடைமேடைச் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.